ஓநாய்க் கூட்டத்தில் 'ஆல்ஃபா' என்று ஒருவன் உண்டா?

'ஆல்ஃபா ஆண்' என்ற சொல் இப்போது ஜிம் விளம்பரத்தில் வருகிறது, சினிமா விமர்சனத்தில் வருகிறது, அலுவலக மேலாளரைப் பற்றிய பேச்சிலும் வருகிறது. அந்தச் சொல்லோடு ஒரு படமும் ஒட்டிக்கொண்டு வரும். பாறை மேல் ஒரு பெரிய ஆண் ஓநாய் நிற்கும். கீழே மற்றவை தலைகுனிந்து நிற்கும். அது எல்லோரையும் அடித்து வென்று மேலே வந்தது, வயதானதும் இன்னொரு இளைய ஓநாய் அதை அடித்து வீழ்த்தி இடத்தைப் பிடிக்கும், ஓநாய்க் கூட்டத்தின் சட்டமே இதுதான் என்பது விளக்கம். "இயற்கையே அப்படித்தான்" என்று முடித்துவிட்டால், மனிதர்களும் அப்படியே இருக்கலாம் என்று சொல்வது எளிதாகிவிடுகிறது.

காட்டு ஓநாய்களை ஆராய்பவர்கள் இந்தப் படத்தைக் கைவிட்டு ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனால் பொதுப் பேச்சில் அது இன்னும் வலுவாகவே நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது, உண்மையில் ஓநாய்க் கூட்டம் எப்படி இயங்குகிறது, அந்தத் தவறான படத்தால் இன்றைக்கும் யாருக்குக் கெடுதல் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். உயிரியல் முன்னறிவு எதுவும் வேண்டாம்.

ஒரே அறையில் பத்து அந்நியர்கள்

வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒருவரையொருவர் அறியாத பத்துப் பேரைக் கூட்டிவந்து ஒரே அறையில் வைத்துக் கதவைப் பூட்டிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு முறை ஒரு பானைச் சோறு உள்ளே வரும். யாரும் வெளியேற முடியாது. சில வாரங்களில் அங்கே ஒரு வரிசை உருவாகிவிடும். முதலில் சாப்பிடுபவர், மூலையில் ஒதுங்குபவர், அடிவாங்குபவர் என்று ஆட்கள் பிரிவார்கள். அதைக் கண்ணாடி வழியே பார்த்துக் குறிப்பெடுத்து, "மனிதக் குடும்பம் இப்படித்தான் இயங்குகிறது" என்று ஒருவர் எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா? அவர் எழுதிய ஒவ்வொரு குறிப்பும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர் பார்த்தது குடும்பத்தை அல்ல.

ஓநாய்களுக்கு நேர்ந்தது ஏறக்குறைய இதுதான்.

பாசல் கூண்டும் கோழிகளின் வரிசையும்

1920களின் தொடக்கத்தில் நார்வேயைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே கோழிகளைக் கவனித்து ஒரு செய்தியைச் சொன்னார். தீனிக்கு முன்னால் எந்தக் கோழி எதைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு நிலையான வரிசை இருக்கிறது. இதைக் 'கொத்தும் வரிசை' என்கிறோம். எளிமையான, அழகான கருத்து. அதன்பின் பல விலங்குகளிலும் இதே வரிசையைத் தேடத் தொடங்கினார்கள்.

சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் ஓநாய்களைக் கூர்ந்து கவனித்து 1947ல் தன் கட்டுரையை வெளியிட்டார். ஏறத்தாழ 10 மீட்டருக்கு 20 மீட்டர் அடைப்பு. அதற்குள் பத்து ஓநாய்கள் வரை. இவை தாமாகச் சேர்ந்த கூட்டமல்ல. மனிதர்கள் சேர்த்து அடைத்தவை. ஆண்களுக்குள் ஒரு வரிசை, பெண்களுக்குள் ஒரு வரிசை, இரண்டின் உச்சியிலும் ஒரு ஜோடி, அந்த உச்சிக்காக ஓயாத உரசல் என்பதே அவர் கண்டது. காது, வால், முகம், உதடு ஆகியவற்றின் அசைவுகளை அவர் பதிந்துவைத்த விதம் இன்றும் மதிக்கப்படுகிறது. கவனிப்பில் பிழை இல்லை. கூண்டில் கண்டதைக் காட்டுக்கும் பொருத்தியதில்தான் பிழை.

1970ல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் ஓநாய்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதினார். அதுவரை தெரிந்தவற்றைத் தொகுத்த அந்த நூலில் 'ஆல்ஃபா' கருத்தும் இடம்பெற்றது. நூல் நன்றாக விற்றது. தொலைக்காட்சி, பத்திரிகை, நாய்ப் பயிற்சி, மேலாண்மை வகுப்பு என்று அந்தச் சொல் எங்கும் பரவியது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: 'ஆல்ஃபா' என்பது அடைபட்ட ஓநாய்களிடம் கண்ட ஒரு நடத்தைக்கு இடப்பட்ட பெயர். வெளியேற வழி இல்லாத இடத்தில்தான் அது கண்டறியப்பட்டது.

கதைகள் முன்பே தயாராக இருந்தன

ஒரு கூண்டு ஆய்வு இவ்வளவு எளிதாக உலகை நம்பவைத்ததற்கு அறிவியல் மட்டும் காரணமில்லை. பாறை மேல் நிற்கும் தலைவனை மனிதக் கற்பனை ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தது. ரட்யார்ட் கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' வெளியான ஆண்டு 1894. இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சிவனி மலைகளில் நடக்கும் அந்தக் கதையில், நாற்பது ஓநாய்கள் கொண்ட கூட்டத்தை அகேலா என்ற ஓநாய் தன் வலிமையாலும் தந்திரத்தாலும் ஆள்கிறது. பாறைதான் அதன் ஆசனம். இரையைத் தவறவிட்டால் அதன் தலைமை போய்விடும். ஷெங்கலின் கட்டுரை வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே 'ஆல்ஃபா' இங்கே முழு உருவத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

அதே கதையில் இன்னொரு ஓநாய் உலகமும் இருக்கிறது. மௌக்ளி என்ற மனிதக் குழந்தையைக் குகைக்குள் எடுத்துக்கொள்ளும் தாய் ஓநாய் ரக்ஷா, இரை தேடிப் புறப்படும் தந்தை ஓநாய், கூடப் பால் குடிக்கும் நான்கு குட்டிகள். புலியே வாசலில் வந்து கேட்டாலும் பிள்ளையைக் கொடுக்க மறுக்கிறாள் ரக்ஷா. உயிரியலுக்கு நெருக்கமானது இந்தக் குகைதான், அந்தப் பாறை அல்ல. இந்திய ஓநாய்கள் இன்று குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரம், கர்நாடகம் போன்ற மாநிலங்களின் புல்வெளிகளிலும் முட்புதர்க் காடுகளிலும் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் கூட்டத்தில் நாற்பது இருப்பதில்லை. ஒரு ஜோடியும் சில பிள்ளைகளுமே வழக்கம்.

காட்டில் நேரில் பார்த்தவர்களும் இதை முன்பே எழுதியிருந்தார்கள். அலாஸ்காவின் மெக்கின்லி மலைப் பகுதியில் (இன்றைய டெனாலி தேசியப் பூங்கா) 1939 முதல் 1941 வரை ஓநாய்களைக் கவனித்த அடால்ஃப் மியூரி, 1944ல் தன் ஆய்வை வெளியிட்டார். தாய் வேட்டைக்குப் போகும்போது இன்னொரு பெண் ஓநாய் குட்டிகளைக் காத்து நின்றதை அவர் பதிவு செய்திருக்கிறார். அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது அவற்றின் சண்டை அல்ல, ஒன்றோடொன்று அவை காட்டிய நட்பு. ஷெங்கலுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே வெளிவந்த இந்தக் குறிப்புகள் 'ஆல்ஃபா' அளவுக்குப் பரவவில்லை. குடும்பக் கதையைவிடச் சிம்மாசனக் கதைக்கு எப்போதும் கிராக்கி அதிகம் என்பதுதான் இதற்குக் காரணமாகப் படுகிறது.

எல்ஸ்மியர் தீவு காட்டியது

கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவின் ஓநாய்கள் மனிதர்களால் வேட்டையாடப்படாதவை. ஆகவே ஆளைக் கண்டு ஓடாதவை. மரங்களே இல்லாத வெட்டவெளி என்பதால் எதுவும் மறையாது. டேவிட் மீச் 1986ல் தொடங்கி பதின்மூன்று கோடைகாலங்கள் அங்கே ஒரு கூட்டத்தை மிக அருகிலிருந்து பார்த்தார். தலைமைக்கான போட்டிச் சண்டை ஒன்றைக்கூடத் தான் காணவில்லை என்று 1999ல் வெளியான கட்டுரையில் எழுதினார். அவர் கண்டது ஒரு தந்தை, ஒரு தாய், அவர்களின் குட்டிகள், சில சமயம் முந்தைய ஆண்டுப் பிள்ளைகள். அவ்வளவுதான். தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடம் பலமுறை கேட்டு, கடைசியில் 2022ல் அதை நிறுத்தவும் வைத்தார். தான் பரப்பிய கருத்தைத் தானே திரும்பப் பெற இத்தனை ஆண்டுகள் உழைத்த ஆய்வாளர்கள் மிகக் குறைவு.

ஓநாய்க் கூட்டத்தின் ஓர் ஆண்டைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

வடக்கு நாடுகளில் குளிர்காலத்தின் பிற்பகுதியில் ஜோடி சேர்கிறது. கருவுற்ற சுமார் 63 நாட்களில், மண்ணில் தோண்டிய வளையிலோ பாறை இடுக்கிலோ, வழக்கமாக நான்கு முதல் ஆறு குட்டிகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் அரைக் கிலோ அளவு. கண் திறந்திருக்காது, காது கேட்காது. கண் திறக்க இரண்டு வாரம் ஆகும்; வளைக்கு வெளியே எட்டிப் பார்க்க மூன்று வாரம். இந்த நாட்களில் தாய் வளையை விட்டு அதிகம் நகர்வதில்லை. தந்தையும் மூத்த பிள்ளைகளும் வேட்டையாடி வயிறு நிறையத் தின்று, பல கிலோமீட்டர் நடந்து வந்து, உண்டதைக் கக்கிக் கொடுக்கின்றன. குட்டி ஓடிவந்து பெரிய ஓநாயின் வாயோரத்தை நக்கும், முட்டும். அதுதான் கக்கச் சொல்லும் சைகை. இந்த வாய் நக்கலை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எட்டு, பத்து வாரம் ஆனதும் குட்டிகளை வளையிலிருந்து ஒரு திறந்த வெளிக்கு மாற்றுகின்றன. இதைக் 'கூடுமிடம்' என்று சொல்லலாம். பெரியவை வேட்டைக்குப் போய்த் திரும்பிவரும் வரை குட்டிகள் அங்கேயே இருக்கும், பெரும்பாலும் ஒரு அண்ணனோ அக்காவோ துணையாக. குளிர்காலம் வருவதற்குள் அவை பெரியவற்றோடு நடக்கத் தொடங்கிவிடும். உடலளவில் பெரியதாகத் தெரிந்தாலும் வேட்டையில் இன்னும் கற்றுக்குட்டிகள்தான். ஓநாயின் வேட்டைத் திறன் இரண்டு, மூன்று வயதில்தான் உச்சத்தைத் தொடுகிறது.

சாப்பாட்டில் யார் முதலில் என்ற கேள்விக்கும் கூண்டு தந்த விடை காட்டில் பொருந்துவதில்லை. இரை பெரியதாக இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் சுற்றி நின்று தின்கின்றன. முயல் போன்ற சிறிய இரையாக இருந்தால்தான் பெற்றோரின் உரிமை தெரிகிறது. அப்போதும் உணவு குறைவான நாட்களில் குட்டிகளுக்கே முன்னுரிமை.

'பெரிய கூட்டம் இருந்தால்தான் பெரிய இரையை வீழ்த்த முடியும், அதனால்தான் தளபதி மாதிரி ஒரு தலைவன் வேண்டும்' என்று ஒரு வாதம் உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் எல்க் மான் வேட்டைகளை ஆராய்ந்தபோது, ஓநாய்களின் எண்ணிக்கை நான்கு வரை கூடும்போது வெற்றி வாய்ப்பும் கூடியது. அதற்கு மேல் கூடியும் பெரிதாகப் பயனில்லை. பைசன் போன்ற மிகப் பெரிய இரைக்குத்தான் பெரிய கூட்டம் உதவுகிறது. அப்படியானால் பிள்ளைகளை ஏன் கூடவே வைத்திருக்க வேண்டும்? ஒரு பெரிய மானை இரண்டு ஓநாய்களால் ஒரே மூச்சில் தின்ன முடியாது. மிச்சத்தை அண்டங்காக்கைகள் கொண்டுபோய்விடும். அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில் செய்த கணக்கீடுகள், அண்டங்காக்கைகளால் வரும் இந்த இழப்பு சிறிய கூட்டங்களைக் கணிசமாகப் பாதிக்கிறது என்று காட்டின. காக்கைக்குப் போவது பிள்ளைக்குப் போகட்டும் என்பதில் பெற்றோருக்கு நட்டம் எதுவுமில்லை.

சுருக்கமாக: கூட்டம் என்பது பெற்றோரும் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளும். வழிநடத்துவது பெரும்பாலும் பெற்றோர். அந்த இடம் சண்டையில் வென்றதால் கிடைத்ததல்ல. பிள்ளை பெற்றதால் கிடைத்தது.

மகன் ஏன் தந்தையை எதிர்ப்பதில்லை?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

ஒரு ஓநாய் ஏறக்குறைய இரண்டு வயதில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. அது தன் தந்தையை எதிர்த்துச் சண்டையிட்டு வென்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வென்று என்ன கிடைக்கும்? அந்தக் கூட்டத்தில் இருக்கும் பெண் ஓநாய்கள் அதன் தாயும் சகோதரிகளும். நெருங்கிய உறவுக்குள் ஜோடி சேர்வதை ஓநாய்கள் பொதுவாகத் தவிர்க்கின்றன. ஆக, வெற்றிக்குப் பரிசே இல்லை. காயம் மட்டும் நிச்சயம். பரிசு இருப்பது வீட்டுக்கு வெளியே. எனவே இளைய ஓநாய் சண்டையிடுவதில்லை, கிளம்பிவிடுகிறது.

இதைப் 'பிரிந்துசெல்லல்' என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில், ஆணும் பெண்ணும் இருவருமே பிறந்த கூட்டத்தை விட்டு நடந்து போகிறார்கள். உறவில்லாத ஒரு துணையும், யாரும் உரிமை கொண்டாடாத நிலமும் கிடைத்தால் அங்கே தங்கிக் குட்டி போடுவார்கள். இருவர் பெற்றோர் ஆகிறார்கள். அடுத்த கூட்டம் பிறந்துவிட்டது.

ஸ்லோவேனியாவில் 2011 ஜூலையில் ரேடியோ காலர் மாட்டப்பட்ட 'ஸ்லாவ்ச்' என்ற இளம் ஆண் ஓநாய், அந்த ஆண்டு டிசம்பரில் வீட்டை விட்டுக் கிளம்பியது. ஆஸ்திரியா வழியாக ஆல்ப்ஸ் மலைகளைப் பனிக்காலத்தில் கடந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, 2012 மார்ச்சில் இத்தாலியின் வெரோனா நகருக்கு அருகிலுள்ள லெசீனியா மலைப் பகுதியை அடைந்தது. அங்கே, வேறொரு திசையிலிருந்து வந்து தனியே திரிந்த ஒரு பெண் ஓநாயைச் சந்தித்தது. ஊர் வெரோனா என்பதால் அந்தப் பெண்ணுக்கு 'ஜூலியட்' என்ற பெயரையே வைத்தார்கள். 2013ல் குட்டிகள் பிறந்தன. இதேபோல் அமெரிக்காவின் ஓரிகனில் 2011 செப்டம்பரில் கூட்டத்தைப் பிரிந்த 'ஓஆர்-7' அந்த ஆண்டு இறுதியில் கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்தது. 1924க்குப் பிறகு அந்த மாநிலத்தில் உறுதிசெய்யப்பட்ட முதல் காட்டு ஓநாய் அதுதான். அதற்குத் துணை கிடைத்தது 2014ல்.

'தனி ஓநாய்' என்று புகழப்படும் உருவத்தின் உண்மை நிலை இதுதான். அது யாரையும் சாராத வீரன் அல்ல. குடும்பம் தேடி அலையும் இளம் விலங்கு. அதன் வாழ்க்கையில் மிக ஆபத்தான காலமும் இதுவே. சாலைகள், துப்பாக்கிகள், மற்ற கூட்டங்களின் எல்லைகள் எல்லாவற்றையும் அது தனியாகக் கடக்க வேண்டும். கூட்டத்துக்கு வெளியே நின்றபடி ஆல்ஃபாவுக்கு இணையாகத் திகழும் 'சிக்மா' என்ற ஒன்று ஓநாய் ஆய்வில் எங்கும் கிடையாது. அது இணையத்தில் பிறந்த சொல்.

இப்போது பாசல் கூண்டுக்கு இந்த விதியைப் பொருத்திப் பாருங்கள். இளையவை கிளம்ப வேண்டிய வயதில் வேலி நிற்கிறது. கிளம்ப முடியாத ஓநாய் தினமும் அதே முகங்களோடு இருக்க வேண்டும். உள்ளே உறவில்லாத துணைகளும் இருக்கலாம். ஆக, கூண்டுக்குள் சண்டைக்குப் பரிசும் உண்டு, தோற்றவனுக்குத் தப்பிக்க வழியும் இல்லை. உரசல் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

பணிவது பயத்தால் மட்டுமா?

படங்களில் ஒரு ஓநாய் இன்னொன்றின் முன் மல்லாந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'அடக்கிவிட்டது' என்று அதற்குத் தலைப்பிடுவார்கள். இந்த நடத்தைக்குப் 'பணிதல்' என்று பெயர். ஷெங்கலே 1967ல் இதைப் பற்றி மீண்டும் எழுதினார். அந்தக் கட்டுரை முதலாவது அளவுக்குப் பேசப்படாதது பெரிய இழப்பு.

பணிதலில் இரண்டு வகை. முதலாவதில் ஓநாய் உடலைத் தாழ்த்தி, வாலைத் தாழ ஆட்டிக்கொண்டு, காதைப் பின்னுக்கு மடித்து வந்து மற்றதன் வாயோரத்தை நக்கும். குட்டி உணவு கேட்கும் அதே சைகை. இரண்டாவதில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும். சிறு குட்டியைத் தாய் புரட்டிப்போட்டு, அடிவயிற்றை நக்கிச் சிறுநீர் கழிக்க வைப்பாளே, அந்த நிலை. அதாவது, இரண்டுமே பிள்ளை பெற்றோரிடம் காட்டும் நடத்தை வளர்ந்த பிறகும் தொடர்வது. ஷெங்கலின் விளக்கப்படி, கீழ்நிலையில் உள்ள விலங்கு நட்பையும் இணக்கத்தையும் தேடி எடுக்கும் முயற்சியே பணிதல்.

முக்கியமான நுணுக்கம் ஒன்று. மல்லாந்து படுக்கும் ஓநாய் தானாகவே படுக்கிறது. மேலே நிற்பது அதைப் பிடித்துத் தள்ளுவதில்லை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதால் வந்த விளைவை நாய்களைப் பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

பரவிய ஒரு படம்

பனியில் ஓநாய்கள் நீண்ட வரிசையாக நடக்கும் படம் ஒன்று 2015 முதல் முகநூலிலும் வாட்ஸாப்பிலும் சுற்றுகிறது. "முதலில் போகும் மூன்றும் வயதானவை, நோயுற்றவை, வேகத்தை அவையே தீர்மானிக்கின்றன. அடுத்து வலிமையானவை. எல்லோருக்கும் பின்னால் தனியே வருவது தலைவன், கடைசி ஆளையும் விடாமல் காப்பவனே தலைவன்" என்ற விளக்கம் கூடவே வரும். கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது வேறு. படம் கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் பிபிசி ஆவணத் தொடருக்காக எடுக்கப்பட்டது. பைசன் வேட்டைக்குப் போகும் 25 ஓநாய்கள் அதில் இருக்கின்றன. அசல் குறிப்பின்படி முன்னால் போவது கூட்டத்தை நடத்தும் பெண். வரிசையாகப் போவதற்குக் காரணம் எளியது. ஆழமான பனியில் முதலில் போவது பாதை திறக்கிறது. பின்னால் வருபவை அதே தடத்தில் கால் வைத்துச் சக்தியை மிச்சப்படுத்துகின்றன. நோயுற்ற ஓநாயை முன்னால் விட்டால் அந்த வேலையை அதனால் செய்யவே முடியாது.

இதுபோன்ற செய்தி கைக்கு வந்தால் மூன்று கேள்விகள் போதும். இவை அடைபட்ட ஓநாய்களா, சுதந்திரமானவையா? ஒன்றுக்கொன்று உறவா, அந்நியமா? இனச்சேர்க்கைக் காலமா? கூண்டு, அந்நியம், இனச்சேர்க்கைக் காலம் மூன்றும் சேர்ந்தால் சண்டைக் காட்சி கிடைப்பது வெகு எளிது. படம்பிடிப்பவர்களுக்கும் அதுவே வசதி.

விதிவிலக்குகள், அதே விதியால்

ஓநாய்கள் சாதுக்கள் என்ற முடிவுக்கும் போய்விட வேண்டாம். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் ஓநாய்களின் இயற்கையான சாவுக்கு முதன்மைக் காரணம் மற்ற ஓநாய்களே. ஆனால் அந்தக் கொலைகளில் பெரும்பகுதி ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் இடையே, நிலத்துக்காக நடப்பவை. வீட்டுக்குள் தலைமைக்காக நடப்பவை அல்ல.

வீட்டுக்குள் உண்மையாகவே சண்டை வருவதும் உண்டு. அங்கேயும் மேலே சொன்ன விதியே வேலை செய்கிறது. யெல்லோஸ்டோனில் 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். முதல் ஆண்டே 10 என்ற எண் கொண்ட ஆண் ஓநாயை ஒருவர் சுட்டுக் கொன்றார். அதன் துணை 9, எட்டுக் குட்டிகளோடு தனித்து நின்றது. பிறகு 8 என்ற இளம் ஆண் வந்து சேர்ந்து, தனக்குப் பிறக்காத அந்தக் குட்டிகளை வளர்த்தது. அப்படி வளர்ந்தவற்றில் ஒன்றுதான் 21. வளர்ந்து கிளம்பிய 21, தலைமை ஆணை இழந்திருந்த 'ட்ரூயிட்' கூட்டத்தில் 1997 இறுதியில் சேர்ந்து, அங்கிருந்த வேறொரு ஆணின் குட்டிகளுக்குத் தந்தை ஆனது.

இப்போது கவனியுங்கள். 21 வெளியாள். அந்தக் கூட்டத்தின் பெண்கள் யாருக்கும் அது உறவில்லை. பெற்ற தந்தை இருக்கும் கூட்டத்தில் மகள்களுக்கு வீட்டுக்குள் துணை இல்லை. மாற்றான் இருந்தால் எல்லாப் பெண்களுக்கும் அவன் துணையாகலாம். 2000ஆம் ஆண்டில் அந்த ஒரே கூட்டத்தில் மூன்று பெண்கள் குட்டி போட்டார்கள். பரிசு வந்தவுடன் போட்டியும் வந்தது. மற்ற பெண்களைக் கடுமையாக நடத்திவந்த 40 என்ற பெண் ஓநாய், அந்த மே மாதம் தன் கூட்டத்துப் பெண்களாலேயே தாக்கப்பட்டு இறந்தது. அதன் இடத்துக்கு வந்த 42 என்ற பெண் ஓநாய், தன் குட்டிகளை 40இன் வளைக்குக் கொண்டுபோய், இறந்ததன் குட்டிகளையும் சேர்த்தே வளர்த்தது. 2001ல் ட்ரூயிட் கூட்டத்தில் 37 ஓநாய்கள் இருந்தன.

எனவே இனப்பெருக்கம் செய்யும் பெண்கள் ஒன்றுக்கு மேல் இருக்கும் பெரிய கூட்டங்களில் 'ஆல்ஃபா' என்ற சொல்லுக்கு இன்னும் ஒரு பயன் உண்டு. பெற்றோரும் பிள்ளைகளுமாக உள்ள சாதாரணக் கூட்டத்தில் 'தாய்', 'தந்தை' என்ற சொற்களே போதும், அவைதான் சரியும்கூட.

நாய் வளர்ப்பவர்களுக்கு

தவறான படம் இன்றைக்கும் கெடுதல் செய்வது வீட்டு நாய்களுக்குத்தான். "நாய் ஓநாயின் வம்சம், நீ ஆல்ஃபா என்று அதற்குக் காட்டு" என்று சொல்லி, நாயைப் பிடித்து மல்லாத்தி அழுத்தும் முறையை 1970களில் பயிற்சி நூல்கள் பரப்பின. தானாகப் படுப்பதற்கும் பலவந்தமாகப் புரட்டப்படுவதற்கும் உள்ள வேறுபாடு நாய்க்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது அதற்குத் தாக்குதல். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2009ல் வெளியான ஆய்வில், நடத்தைப் பிரச்சினையோடு வந்த நாய்களின் உரிமையாளர்களிடம் எந்த முறைக்கு நாய் எப்படி எதிர்வினை காட்டியது என்று கேட்டார்கள். மல்லாத்தி அழுத்தியபோது 31 சதவீதமும், அடித்தபோதும் உதைத்தபோதும் 43 சதவீதமும், கண்ணை முறைத்துப் பார்த்தபோது 30 சதவீதமும் நாய்கள் சீறிப் பாய்ந்ததாகத் தெரிந்தது. அமெரிக்காவின் விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர் சங்கமும் 2008லேயே இந்த அடக்குமுறைப் பயிற்சிக்கு எதிராக அறிக்கை வெளியிட்டது.

சோற்றுத் தட்டின் அருகே போனால் நாய் உறுமுகிறதா? 'தலைமைக்குப் போட்டி போடுகிறது' என்று எண்ணித் தட்டைப் பிடுங்கினால், தன் உணவுக்கு ஆபத்து என்ற அதன் அச்சம் உறுதியாகிவிடும். அடித்து உறுமலை நிறுத்தினால் இன்னும் மோசம். உறுமல் ஒரு எச்சரிக்கை; எச்சரிக்கையை அழித்தால் அடுத்தது நேராகக் கடிதான். தட்டைத் தொடாதீர்கள். நாயின் உடல் இறுகாத தூரத்தில் நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றை, அவித்த கோழித் துண்டு போன்றதை, தட்டின் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். நீங்கள் வந்தால் நல்லது வரும் என்று அது கற்க வேண்டும். நீங்கள் வரும்போதே வால் தளர்ந்து, தலை நிமிர்ந்து அது உங்களைப் பார்க்கத் தொடங்கினால் மட்டும் அடுத்த நாள் ஓர் அடி நெருங்கலாம். உடல் இறுகினாலோ, சாப்பிடும் வேகம் திடீரெனக் கூடினாலோ பழைய தூரத்துக்கே போங்கள். இந்த நாட்களில் குழந்தைகளைத் தட்டுப் பக்கம் விடவே கூடாது. இதுவரை உறுமாத நாய் திடீரென்று உறுமத் தொடங்கினால் பயிற்சியைப் பிறகு பார்க்கலாம். முதலில் பல், காது, இடுப்பு மூட்டில் வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.